பயிற்சி சூப்பர்விஷனில் உடனே யோசனை சொல்லிவிடுகிறேன், எப்படி நிறுத்துவது?

கேள்வி:
இங்கிலாந்தில் முதியோர் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ப்ரொஃபெஷனல் நர்ஸ் அட்வகேட் (பி.என்.ஏ.), அதாவது சக நர்ஸ்களின் மனச்சுமையைக் கேட்டுத் துணை நிற்கும் பொறுப்புக்கான படிப்பை ஆன்லைனில் படிக்கிறேன். பாடமும் கட்டுரையும் பரவாயில்லை, சக நர்ஸ் ஒருவர் மனம் விட்டுப் பேச நான் கேட்க வேண்டிய சூப்பர்விஷன் பயிற்சி, டீம்ஸ் வீடியோ அழைப்பில் நடப்பது, அதுதான் இடிக்கிறது. போன வாரம் சக நர்ஸ் ஒருவர் தன் நோயாளி இறந்த இரவைப் பற்றிப் பேசினார். "மகளுக்கு நான்தான் போன் செய்தேன்" என்றவர் நிறுத்திவிட்டு, சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். நான், "அடுத்த முறை டாக்டரைப் பேசச் சொல்லுங்கள்" என்றேன். "ம், சரி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எங்கே தவறினேன்?

பதில் 1:
தங்கச்சி, வார்டில் ஒருவர் பிரச்சினை சொன்னால் உடனே தீர்வு தேடித்தான் நமக்குப் பழக்கம். அந்த வேகம் அங்கே உயிரைக் காப்பாற்றும், இங்கே பேச்சை அடைத்துவிடும். நீங்கள் சொன்ன "அடுத்த முறை", போன முறை அவர் செய்தது தப்பு என்பது போல அவர் காதில் விழுந்திருக்கும்.

அவர் கடைசியாகச் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள்: "நீங்கள்தான் போன் செய்தீர்கள்." அப்புறம் பேசாமல் இருங்கள். ஆன்லைனில் மௌனம் வந்தால் நெட் போய்விட்டதோ என்று தோன்றும். அதனால் "நான் பேசாவிட்டாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
அக்கா சொன்னது சரி. 2017-இல் மருத்துவச்சிகளுக்கு வந்த ஏ-ஈக்விப் என்ற சூப்பர்விஷன் முறைதான் 2021 மார்ச்சில், கொரோனாவில் நாம் ஓய்ந்து போயிருந்த நேரத்தில், பி.என்.ஏ. என்று நர்ஸ்களுக்கும் வந்தது. மனதைத் தேற்றுவது அதில் முக்கியமான பங்கு, வேலையை மதிப்பிடும் அப்ரைசல் மாதிரி நடத்தக் கூடாது. தொடங்கும்போது அறையில் தனியாக இருக்கிறாரா என்று கேளுங்கள். பேசுவது வெளியே போகாது, ஆனால் நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால் மேலே சொல்லியாக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று அவரோடு மறுபடி உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடியே அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "அப்பா ராத்திரி சாப்பிட்டாரா என்று அந்த மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை" என்று அழுதார். இத்தனை நாளாக அவரை அரித்தது அந்தக் கேள்விதான். இதைக் குறிப்பில் எழுதலாமா?

பதில் 1:
வேண்டாம்மா. தேதியும் நேரமும் போதும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க வரும் ரீவேலிடேஷனுக்கு ஐந்து ரிஃப்ளெக்‌ஷன் (அனுபவத்தில் கற்றதைப் பற்றிய குறிப்பு) எழுத வேண்டுமே, அதில் காத்திருக்க நீங்கள் கற்றுக்கொண்டதை எழுதுங்கள். நோயாளி, மகள், அந்த நர்ஸ் யாரென்று தெரிகிற மாதிரி எதுவும் வேண்டாம்.