களிம்பை நிறுத்தினால் கரப்பான் திரும்பிவிடுகிறது

கேள்வி:
என் 7 வயது மகளுக்கு நான்கு ஆண்டுகளாக முழங்கை மடிப்புகளில் கரப்பான் (எக்சிமா என்னும் தோல் அழற்சி) இருக்கிறது. காலையில் தலையணை உறையில் இரத்தப் புள்ளிகளைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அதே ஸ்டீராய்டு களிம்பை எழுதித் தருகிறார். பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. எவ்வளவு பூசுவது என்றுகூட எவரும் சொன்னதில்லை.

பதில் 1:
அளவைச் சொல்லாமல் அனுப்புவதுதான் பெரும் குறை, சகோதரி. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். பயந்து கடுகளவு தொட்டுவைத்தால் அழற்சி முழுதாக அடங்காது. அடங்கிய பின்னும், வழக்கமாகத் திரும்பும் இடங்களில் வாரத்தில் இரு நாள் பூசிவரும் முறை ஒன்று உண்டு. அதைக் குறித்து மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 2:
என் மகனுக்குக் குளித்த ஈரம் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி பூசியது பெரிதும் உதவியது. மடிப்புகளுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கிறது. முதல் சில நாட்கள் எரியும், அதையும் முன்கூட்டியே எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

பதில் 3:
சலிப்பில் மருந்துக் கடையில் கேட்டு, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன், தோல் மெலிந்ததுதான் மிச்சம்.