ஜூம் வருகைப் பட்டியல்: பைத்தான் நிரலில் ஒரு சிக்கல், உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பகுதி மாணவர்களுக்கு நாங்கள் சிலர் மாலை வேளைகளில் ஜூம் வழியே கட்டணமின்றிக் கணக்குப் பாடம் நடத்துகிறோம். வகுப்பில் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை, பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைக் கொண்டு ஜூம் ஏபிஐயிலிருந்து (API, நிரல்கள் ஜூமிடம் தகவல் கேட்டுப் பெறும் வழி) எடுக்க ஒரு நிரல் எழுதி வருகிறேன்.

ஏபிஐயைப் பயன்படுத்த அனுமதி பெறும் பழைய ஜேடபிள்யூடி (JWT) செயலி முறை 2023-இல் கைவிடப்பட்டதால், சர்வர்-டு-சர்வர் ஓஆத் (OAuth) முறைக்கு மாறிவிட்டேன். அதில் கிடைக்கும் டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்ற குறியீடு) ஒரு மணி நேரமே செல்லும். அதில் தொல்லை இல்லை.

சிக்கல், கூட்டத்தின் யூயூஐடியில்தான் (UUID, கூட்டத்துக்கு ஜூம் தரும் தனி அடையாளக் குறியீடு). அது சாய்கோட்டில் (/) தொடங்கினாலோ, இடையில் இரட்டைச் சாய்கோடு வந்தாலோ, இருமுறை என்கோட் செய்து (சிறப்புக் குறிகளை % கொண்ட குறியீடுகளாக மாற்றி) அனுப்ப வேண்டும். அதற்காகப் பைத்தானின் யூஆர்எல்லிப் (urllib) தரும் குவோட் (quote) ஃபங்ஷனை இருமுறை அழைத்த பிறகும், அச்சிட்டுப் பார்த்தால் கடைசியிலுள்ள சமக்குறிகள் மட்டுமே மாறியிருக்கின்றன; முன்னால் நிற்கும் சாய்கோடு அப்படியே இருக்கிறது. இப்படிப்பட்ட யூயூஐடி வரும் நாட்களில் 404 (கேட்டது கிடைக்கவில்லை) என்ற பதிலே வருகிறது. சாய்கோட்டையும் மாற்ற அந்த ஃபங்ஷனுக்கு வேறு ஏதேனும் கொடுக்க வேண்டுமா?

இன்னொன்று: சிக்னல் விட்டு விட்டு வருவதால், ஒரே மாணவியின் பெயர் ஐந்தாறு வரிகளில் பதிவாகிறது. சில வரிகளின் நேரம் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், வெறுமனே கூட்டினால் கணக்கு மிகுந்துவிடுகிறது. சேர்ந்த நேரம், விலகிய நேரம் இரண்டையும் வைத்து இவற்றை இணைக்கும் எளிய வழியைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மறுநாளே பேசுகிறோம். வந்திருந்த பிள்ளையை வரவில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதே என் கவலை.