மறுமொழி: ‘வடிகுழாய்வழி வால்வு மாற்று’ – சரியாக வருமா?

குழுவினருக்கு வணக்கம். நெஞ்செலும்பைப் பிளக்காமல், மெல்லிய குழல் வழியாக இதயத்தில் புது வால்வை வைக்கும் சிகிச்சைக்கு (transcatheter valve replacement) தமிழில் என்ன பெயர் என்ற நம் விவாதத்துக்கு என் மறுமொழி இது.

> ‘வடிகுழாய்வழி வால்வு மாற்று’ என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். புராஸ்டேட் தொல்லையால் சிறுநீர்க் குழாயோடு வீடு திரும்பிய என் பெரியப்பாவுக்கு அவ்வப்போது ‘வடிகுழாய் மாற்றுவார்கள்’. இதயத்துக்கும் அதே பெயர் என்றால் அவர் எந்த அறைக்குப் போய் நிற்பார்? தவிர, இங்கே வடிப்பதற்கு எதுவுமே இல்லை. பெரும்பாலும் தொடைத் தமனி வழியாகக் குழல் நுழைகிறது. சுருக்கி வைத்த வால்வு அதனோடு இதயம்வரை போகிறது. ‘நுழைகுழல்’ போதும்.

‘நாளவழி’ (இரத்தக் குழாய் வழி) என்று இன்னொருவர் சொன்ன பரிந்துரை காதுக்கு இனிமைதான். ஆனால் தொடைத் தமனி ஒத்துவராத சிலருக்கு விலாவிடையே கீறி, இதயத்தின் நுனி வழியாகவும் குழலைச் செலுத்தியிருக்கிறார்கள். அங்கே நாளம் ஏது?

எனக்குப் பெரிய மனத்தாங்கல் ‘மாற்று’ மீதுதான். நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் அறுவையில், சுண்ணாம்பேறிய பழைய வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள். அது மாற்று. 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் இதய மருத்துவர் அலென் கிரிபியே முதன்முதலில் மனிதருக்குச் செய்த சிகிச்சையில் பழைய வால்வு எங்கும் போகவில்லை. புதியது விரிந்து, அதைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்கர்கள் இதையும் ‘மாற்றுதல்’ என்கிறார்கள். ஐரோப்பியர்கள் ‘பதித்தல்’ என்கிறார்கள். நான் ஐரோப்பியர் பக்கம்.

வெறும் சொற்சண்டை என்று நினைக்க வேண்டாம். பெருந்தமனி வால்வுக் குறுக்கத்துக்கு (இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் வாயிலின் வால்வு குறுகிப்போவது) 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல், பொதுவாக 65 வயதுக்குக் கீழ் அறுவை, 80க்கு மேல் குழல், இடைப்பட்டவர்களுக்கு நோயாளியோடு பேசி முடிவு என்கிறது. இளையவருக்கு ஏன் அறுவை? குழல்வழி வைப்பது விலங்குத் திசுவால் ஆன வால்வு, அது நாளடைவில் தேயும். பிறகு ஒன்றினுள் இன்னொன்றைப் பதிக்க நேரும். வழி குறுகும், இதயத் தமனிகளின் வாய் மறைபடவும் கூடும். பழையது உள்ளேயே இருக்கிறது என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்தால், 68 வயதுக்காரர் ‘அடுத்த முறை என்ன செய்வீர்கள்?’ என்று மருத்துவரைக் கேட்பார்.

ஆகவே, ‘நுழைகுழல்வழி வால்வு பதித்தல்’. ‘பதிப்பு’ என்று சுருக்கலாம்தான். இரண்டாம் பதிப்பு எப்போது என்று யாராவது கேட்பார்கள்.

‘வால்வு’ தமிழா என்ற கேள்வியைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். பள்ளிப் பாடநூலில் ‘ஈரிதழ் வால்வு’ படித்தவன் நான். எனக்கு அது உறுத்தவில்லை.