‘ரிவேர்ப்’ என்பதற்கு ‘எஞ்சொலி’: ஒரு முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்துக்கு நாம் மேற்கொண்ட கள விஜயத்தின் அறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். அங்கே அளந்த முதன்மையான விடயத்துக்கே, அதாவது ஒலி எழுப்புவது நின்ற பின்னும் மண்டபத்தில் தங்கித் தேயும் ‘ரிவேர்ப்’ (reverberation) என்பதற்கே, நம்மிடம் உறுதியான சொல் இல்லை. அளவீட்டுத் தாளில் ஒருவர் ‘ரிவேர்ப் டைம்’ என்றும், இன்னொருவர் ‘எதிரொலி நேரம்’ என்றும் எழுதியிருக்கிறோம். முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டாவது பிழை.

எதிரொலி என்பது தனியாகக் காதுக்குத் தெரியும் ஒரு மறுவரவு. பேச்சைப் பொறுத்தவரை, நேரே வரும் ஒலிக்கும் சுவரில் பட்டு வரும் ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ 50 மில்லிசெக்கன், அதாவது சுமார் 17 மீற்றர் பாதை வேறுபாடு இருந்தால் அது தனித்துக் கேட்கத் தொடங்கும். நாம் அளந்ததோ, எல்லாப் பரப்புகளிலும் பட்டுத் திரும்பிய எண்ணற்ற ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து, ஒலி மூலம் நின்ற பின்னும் மண்டபத்தில் தங்கித் தேய்வதை. அந்தத் தேய்வு 60 டெசிபெல் இறங்க எடுக்கும் நேரத்தையே 1890களின் பிற்பகுதியில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில், இரவு வேளைகளில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து போட்டு அளந்து அளந்து, அமெரிக்கப் பௌதிகவியலாளர் வாலஸ் சபைன், மண்டபத்தின் கனவளவையும் அதன் உறிஞ்சலையும் இணைக்கும் ஒரு சூத்திரத்துக்குள் கொண்டுவந்தார். (காலி வீதி (Galle Road) வாகன இரைச்சலுக்கு நடுவில் முழு 60 டெசிபெல்லும் கிடைக்காது என்பதால், நாம் முதல் 20 டெசிபெல் இறக்கத்தை அளந்து மும்மடங்காக்கினோம்.)

இந்தக் குழப்பத்துக்குக் கொடுத்த விலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஒரு மண்டப நிர்வாகத்தினர், “எதிரொலி வருகிறது” என்று எவரோ சொன்னதைக் கேட்டு, பின்சுவர் முழுவதும் தடித்த திரை போட்டார்கள். எதிரொலிக்கு அது சரியான மருந்துதான். ஆனால் அங்கே இருந்த நோய் வேறு. 1,200 கனமீற்றர் மண்டபம். தரையெல்லாம் மாபிள், பக்கச் சுவர்களில் கண்ணாடி. வெறுமையாக இருக்கையில் ஒலி தேயும் நேரம் 2.4 செக்கன். சபைன் சூத்திரப்படி அதன் மொத்த உறிஞ்சல், ஒலியை முழுவதும் விழுங்கும் பரப்பாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 80 சதுரமீற்றர். 60 சதுரமீற்றர் திரை, பாதியை உறிஞ்சுவதாக வைத்தாலும், கூட்டித் தருவது 30 மட்டுமே, நேரம் 1.75 செக்கனுக்கு அருகில்தான் வரும். பேச்சுக்கு வேண்டியது ஒரு செக்கன் அளவு. ஒலி உறிஞ்சும் கூரைக்குச் செலவிட்டிருக்க வேண்டிய பணம் திரையில் போய்விட்டது.

தமிழ்ப் பேச்சுக்கு இது இன்னும் முக்கியம். ‘பாட்டு’ என்பதையும் ‘பாடு’ என்பதையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு வல்லினம் இரட்டிக்கும் இடத்திலுள்ள சிறு மௌனத்துக்கு உண்டு. முன்னுள்ள நெடிலின் வால் அந்த மௌனத்துக்குள் வழிந்துவிட்டால் ‘பாட்டு’ ‘பாடு’ ஆகிறது. வெள்ளவத்தையில் பின்வரிசையில் நின்று கேட்ட எல்லோரும் இதை உணர்ந்தோம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘எதிர்முழக்கம்’ ஏற்கெனவே எழுதப்படுகிறது. ஆயினும் ‘எதிர்’ நம்மை மீண்டும் எதிரொலிக்கே இழுத்துச் செல்கிறது, ‘முழக்கம்’ உரத்த ஒலியைக் குறிக்கிறது. மெல்லிய முணுமுணுப்புக்கும் இந்த வால் உண்டே. ‘ஒலிப்பரிவு’ ஆகாது, நம் உயர்தரப் பௌதிகவியலில் பரிவு (resonance) வேறொன்று. கர்நாடக இசையின் ‘கார்வை’யை விட்டுக்கொடுக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு அழகான சொல். ஆனால் அது கலைஞர் தாமே நீட்டுவது, மிருதங்கக்காரருக்குக் கணக்கில் விடும் இடைவெளி. இங்கே நீட்டுவது கட்டடம். கச்சேரி ஒலிப்பதிவில் “கார்வை கூடிவிட்டது” என்றால் பாடகரிடம் போவதா, கலவை மேசைக்கு (mixer) போவதா?

‘எஞ்சொலி’ என்பது எஞ்சு, ஒலி ஆகிய இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. எஞ்சிய ஒலி, எஞ்சுகின்ற ஒலி, எஞ்சும் ஒலி என மூன்று காலத்துக்கும் பொருந்துவதால், தேய்ந்துகொண்டே தங்கியிருக்கும் இயல்பை அது ஒரே மூச்சில் சொல்கிறது. ‘எஞ்சொலி நேரம்’, ‘எஞ்சொலி அறை’, கலவை மேசையில் சேர்ப்பதற்குச் ‘செயற்கை எஞ்சொலி’ என்று கிளைக்கவும் செய்கிறது. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி என்பவற்றைப் போல மேடையில் தடையின்றிச் சொல்லலாம்.

விரைந்து பேசும்போது ‘எஞ்சொல்’ என்று காதில் விழக்கூடும் என்று தொலைபேசியில் ஒரு நண்பர் எச்சரித்தார், நியாயமான கவலைதான். அதற்காகவே ‘நீடொலி’யையும் எண்ணிப் பார்த்தேன். அது சுருதிப்பெட்டியின் இடையறா ஒலிக்கும் பொருந்திவிடுவதால் கைவிட்டேன்.

மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு, அதைக்கொண்டு “இம்மண்டபத்தின் எஞ்சொலி நேரம் 2.1 செக்கன்” என்ற வரியையும் மாற்றி எழுதி அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டையும் உரத்து வாசித்துப் பார்த்து, அறிக்கையில் எதை இடுவதென்று முடிவு செய்யலாம்.