வேன் டயரில் பட்டன் இருக்கு, சைடில் வெடிப்பு: ஏலகிரி போகலாமா?

கேள்வி (சத்துவாச்சாரி):
எங்கள் வேனில் பின் சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டிருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி என்று வருஷத்தில் நாலைந்து தடவைதான் வண்டி வெளியே போகும். மற்ற நாளெல்லாம் வாசலில், வெயிலில். டயரில் பட்டன் (தரையில் படும் மேட்டுக் கட்டைகள்) புதுசு போலவே இருக்கு, ஆனால் சைடில் மயிரிழை மாதிரி வெடிப்பு. பஞ்சர் கடை அண்ணன் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம் என்கிறார். அடுத்த வாரம் அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஏலகிரி போகணும். பயமாக இருக்கு.

பதில் (காட்பாடி, வேன் டிரைவர்):
தம்பி, பட்டனை விடுங்க, வயசைப் பாருங்க. டயர் சைடில் DOT (டிஓடி) என்ற இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்தான் வயசு. 3417 என்றால் 2017-இல் 34-ஆவது வாரம் செய்தது.

கேட்டவர்:
வெளிப்பக்கம் அந்த நாலு எண்ணே இல்லை அண்ணா. டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்தேன், உள்பக்கம் இருந்தது. மூன்று டயர் 3417, ஒன்று 0916. பட்டன்களுக்கு நடுவிலும் வெடிப்பு. நகத்தை வைத்தால் உள்ளே இறங்குகிறது. ஸ்டெப்னியும் 3417தான், ஆனால் இதுவரை தரையில் படவே இல்லை. அதை முன்னால் போடலாமா?

பதில் (ராணிப்பேட்டை, டயர் கடை வேலை):
வேண்டாம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். ரப்பரில் ஒரு மெழுகு கலந்திருப்பார்கள். சக்கரம் உருண்டு ரப்பர் நெளியும்போது அது மேலே வந்து, வெயிலும் ஓசோனும் அரிக்காமல் காக்கும். நின்றே இருக்கும் வண்டியில் அது சரியாக வராது. நம்ம ஊர் கோடையில் இன்னும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆண்டுதோறும் காட்டணும், பத்து வருஷமானால் பட்டன் இருந்தாலும் கழற்றணும் என்று மிஷ்லின் போன்ற கம்பெனிகளே சொல்கின்றன. நின்றே கிடக்கும் வண்டிக்கு நான் ஆறு, ஏழு வருஷத்திலேயே மாற்றச் சொல்வேன். உங்களுடையதில் நகமே இறங்குகிறது, இனி யோசிக்க ஒன்றுமில்லை.

ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. அதைவிட எனக்குப் பயம் பெங்களூர் ஹைவேதான். மத்தியான வெயிலில், ஆளும் சாமானும் ஏற்றி வேகமாகப் போகும்போதுதான் உள்ளே சூடேறிப் பட்டன் பட்டையாக உரிந்துவரும். ஐந்தையும் மாற்றுங்க. பணம் இடித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்க, பழசில் மட்டும் போகாதீங்க.

காட்பாடி டிரைவர்:
வாங்கும்போதே அந்த நாலு எண்ணையும் பாருங்க, கடையிலேயே இரண்டு வருஷம் கிடந்த டயர் உண்டு. எடை தாங்கும் எண் பழசில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. வால்வும் ரப்பர்தான், அதையும் புதுசாகப் போடச் சொல்லுங்க. காற்றை விடியற்காலையில், வண்டி எடுக்கும் முன்னால் பாருங்க. ஓடிச் சூடானதும் காற்று ஏறித்தான் காட்டும், அதற்காக இறக்கிவிடாதீங்க.

கேட்டவர்:
அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பயணம் இரண்டு வாரம் தள்ளி. திங்கட்கிழமை ஐந்தும் மாற்றுகிறோம். வண்டியை இனி வேப்பமரத்து நிழலில் நிறுத்தப் போகிறேன்.