மேற்குப் பார்த்த பழைய ஜன்னல்கள்: செலவு குறைவாக நாங்கள் செய்தது

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் கணக்கு ஆபீஸ் இருப்பது எழுபதுகளில் கட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில். மேற்கே வரிசையாக ஜன்னல், அயினி மரச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி, அதற்கு மேலே கண்ணாடித் தகடு அடுக்கிய வென்டிலேட்டர். மூன்று மணிக்கு மேல் ஏசி ஓடினாலும் ஜன்னலோரம் இருக்கிற பிள்ளைகளுக்கு முதுகு காயும். பார்க்க வந்த யுபிவிசி (பிளாஸ்டிக் சட்ட) ஜன்னல் வியாபாரி எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடச் சொன்னார். வாடகைக் கட்டடத்தில் யார் அவ்வளவு காசு போடுவார்கள்? சொந்தக் கட்டடமாக இருந்தாலும் நம்ம ஊருக்கு அது முதல் வேலை இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து.

ஏன் என்றால், இரட்டைக் கண்ணாடி முக்கியமாகத் தடுப்பது உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு என்று இருக்கும்போது கண்ணாடி வழியாகக் கடக்கிற வெப்பத்தை. பனி விழும் நாடுகளில் அந்த வித்தியாசம் 30 டிகிரி வரை போகும். இங்கே வெளியே 33, உள்ளே 25, அவ்வளவுதான். நம்மை வாட்டுவது நேராக விழுகிற வெயில். சாதாக் கண்ணாடியில் விழும் வெயிலின் வெப்பத்தில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் உள்ளே வந்துவிடும், அதையே சாதா இரட்டைக் கண்ணாடியாக்கினாலும் ஏழு பங்கு வரும். அந்த ஒரு பங்குக்கா லட்சக்கணக்கில் செலவு?

அதனால் முதலில் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே திரைச்சீலை போட்டால் கண் கூசாது, ஆனால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று, சீலை சூடாகி அந்தச் சூடு பெரும்பாலும் அறையிலேயே கிடக்கும். ஒன்றரை அடி சன்ஷேடு உச்சி வெயிலுக்குத்தான் உதவும். சாயங்கால வெயில் சாய்ந்து அதற்கு அடியில் நுழைந்துவிடும், ஜன்னலுக்கு முன்னால் ஏதாவது தொங்கினால்தான் ஆகும். நாங்கள் சுருட்டி ஏற்றுகிற மாதிரி மூங்கில் தட்டி கட்டினோம். சுவரை ஒட்டிக் கட்டாமல் அரை அடி தள்ளிக் கட்டியதால் இடையில் சூடாகிற காற்று மேலே ஏறிப் போய்விடுகிறது. ஆனி ஆடிக் காற்று நம்ம ஊரில் எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே, தட்டியின் அடியில் இரும்புக் கம்பி கோத்து இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் அது பக்கத்துக் கடை மேல்தான் கிடக்கும்.

இது புதிதும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை மந்திரசாலையில் போய் நின்று பாருங்கள், மரச் சட்டங்களும் வண்ண மைக்காத் தகடுகளும் வெயிலை வடிகட்டி உள்ளே எவ்வளவு குளுமையாக வைத்திருக்கின்றன என்று.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது, அதனால் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் வரும். வடக்குதானே என்று விட்டுவிடாதீர்கள்.

தட்டி கட்ட முடியாத முன்பக்கத்துக்குக் கண்ணாடியில் வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டினோம். விற்க வருகிறவர் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டு, பிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார், சூடே தெரியாது. அந்த விளக்கு வெளிவிடுவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர் (ஐஆர்). வெயிலின் வெப்பத்தில் அது ஏறக்குறைய பாதிதான், மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தோடு வருகிறது. ஆகவே 'ஐஆர் 99 சதவீதம் தடுக்கும்' என்பதை விட்டுவிட்டு மொத்த சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கும், அதாவது டி.எஸ்.இ.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள், அப்படியே வெளிச்சம் எத்தனை சதவீதம் வரும் என்றும். ரொம்பக் கறுப்பாக ஒட்டினால் பகலிலேயே டியூப்லைட் போட வேண்டி வரும், அது எதற்கு? கம்பி வலை பதித்த பழைய கண்ணாடியில் மட்டும் ஒட்டவே கூடாது, சூட்டில் விரிசல் விடும்.

அப்புறம் காற்றுக் கசிவு. காற்று நன்றாக அடிக்கிற ஒரு மத்தியானம் ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். கண்ணாடி ஓரத்தில் பூசிய புட்டிப் பசை உதிர்ந்த இடத்தில் புகை வெடுக்கென்று உள்பக்கம் வளைந்தது, வென்டிலேட்டர் பக்கம் கொண்டுபோனால் நிற்கவே இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு ஆடுகிற சட்டத்தை இறுக்கி, புதுப் புட்டி வைத்து, மூடும் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினோம். வென்டிலேட்டருக்கு உள்பக்கம் பாலிகார்பனேட் தகடு, கழற்றக்கூடிய திருகில். எல்லாவற்றையும் அடைத்துவிடாமல் ஒன்றை மட்டும் திறந்துகொள்ளும்படி வைத்தோம், ஆட்களுக்கு மூச்சுக்காற்று வேண்டாமா?

முன்பு 20-ல் ஓடிய ஏசி இப்போது ஃபேனோடு 25-ல் ஓடுகிறது, யாரும் முணுமுணுப்பதில்லை. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மின்சிக்கனத்தைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பதில், குளச்சலிலிருந்து:
அண்ணே, கடலோரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கடை கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் சாதா இரும்புக் கொக்கி சீக்கிரமே துருப்பிடித்து, கையால் தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. இப்போது 316 ரக ஸ்டெயின்லெஸ் திருகும் கொக்கியும்தான் வாங்குகிறேன், 304-க்கு இங்கே கறை பிடித்துவிடுகிறது. மூங்கில் தட்டியும் மழையில் பூசணம் பூக்கும். நான் விவசாயத்துக்கு விற்கிற ஷேட் நெட்டை அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். காற்றும் வருகிறது, கிழிந்தால் துணியை மட்டும் மாற்றினால் போதும்.

பதில், மார்த்தாண்டத்திலிருந்து:
எங்களுடையது சின்ன கிளினிக், கிழக்குப் பார்த்தது. காலை ஓபியில் வெயில் நோயாளிகள் முகத்திலேயே அடிக்கும். கட்டட உரிமையாளர் வெளியே எதுவும் மாட்ட விடவில்லை, அதனால் பிலிம் மட்டும்தான். வெளியே நிறுத்துகிற அளவுக்கு இல்லை, ஆனாலும் வித்தியாசம் தெரிகிறது. ஒரு சந்தேகம், மழைக்காலத்தில் மரச் சட்டம் ஊதி ஜன்னல் மூடவே மாட்டேன் என்கிறது. ரப்பர் பட்டையை இப்போதே ஒட்டலாமா?

வடசேரி:
குளச்சல் தம்பிக்கு நன்றி, ஷேட் நெட் யோசனை நல்லது, எங்கள் பின்பக்கத்துக்கு ஆகும். மார்த்தாண்டம் டாக்டருக்கு: இப்போது வேண்டாம். நமக்கு இரண்டு மழையும் உண்டு, வடகிழக்கு மழை முடிந்து ஜனவரி பிப்ரவரியில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு இழைத்து, விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துவிட்டு ஒட்டுங்கள். ஊதியிருக்கும்போது இழைத்தால் கோடையில் அந்த இடைவெளி வழியாக ஏசிக் காற்று முழுக்கப் போய்விடும்.