துணை அமைப்புக்குள் போன லாரிகள் வெளியே வரவில்லை: எனிலாஜிக்கில் உதவி தேவை

வில்லியனூர் மாணவி:

வணக்கம். புதுச்சேரியில் உற்பத்திப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். கடலூர் மாவட்டத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் அரவைப் பருவத்தில் கரும்பு லாரிகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்பதுதான் என் திட்டப்பணி. எனிலாஜிக் என்ற பாவனை (சிமுலேஷன்) மென்பொருளின் இலவசக் கற்றல் பதிப்பில் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன்.

லாரியின் பாதை இது: வாயிலில் டோக்கன், யார்டில் காத்திருப்பு, எடை மேடையில் பாரத்தோடு எடை, கரும்பு இறக்குதல், திரும்பவும் அதே மேடையில் காலி எடை, பிறகு வெளியே.

முதன்மைத் திரையில் எல்லாவற்றையும் போட்டால் கண்ணைக் கட்டுகிறது. அதனால் எடை மேடையையும் இறக்குமிடத்தையும் தனித்தனித் துணை அமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே வர ஒரு போர்ட், வெளியே போக ஒரு போர்ட் (கோடு இணையும் வாசல்) வைத்தேன். எடை மேடைக்குள், லாரியைக் குறித்த நேரம் நிறுத்திவைக்கும் ஒரே ஒரு டிலே பிளாக்: கொள்ளளவு 1, நேரம் 3 நிமிடம். இறக்குமிடத்துக்குள்ளும் ஒரு டிலே: கொள்ளளவு 2, நேரம் 20 நிமிடம். மேடை ஒன்றுதான் என்பதால் யார்டிலிருந்து வரும் கோட்டையும் இறக்குமிடத்திலிருந்து திரும்பும் கோட்டையும் அதே உள் போர்ட்டில் இணைத்திருக்கிறேன். வெளிப் போர்ட்டுக்கு அடுத்து, வழி பிரித்து அனுப்பும் ஒரு செலக்ட் அவுட்புட். லாரி காலியாக இருந்தால் பாதை முடியும் சிங்க் பிளாக்குக்குப் போகும், இல்லையென்றால் இறக்குமிடத்துக்குப் போகும்.

லாரிகள் சராசரியாக 12 நிமிடத்துக்கு ஒன்று, சீரற்ற இடைவெளியில் வருகின்றன. மாதிரிக் கடிகாரத்தில் ஒரு நாள் முடிவதற்குள் ஓட்டம் நின்றுவிடுகிறது. லாரிகளைப் பிறப்பிக்கும் சோர்ஸ் பிளாக்கின் வெளிப் போர்ட்டை விட்டு ஏஜென்ட் (இங்கே லாரி) வெளியேற முடியவில்லை, அடுத்த பிளாக்கின் கொள்ளளவைக் கூட்டிப் பாருங்கள் என்று பிழைச் செய்தி வருகிறது. யார்டின் கியூவை (வரிசை பிளாக்) உச்சக் கொள்ளளவுக்கு மாற்றினேன். பிழை போய்விட்டது, ஆனால் எத்தனை நாள் ஓடவிட்டாலும் சிங்க்கில் 4 லாரிக்கு மேல் ஏறவில்லை. 40 நிமிடத்துக்கு ஒரு லாரி என்று சீராக வரவிட்டால் எல்லாம் சரியாக ஓடுகிறது!

இன்னொன்று: எடை மேடைக்குள் இருக்கும் டிலேயில் லாரியின் டோக்கன் எண்ணை எழுதச் சொன்னால், அப்படி ஒரு புலமே இல்லை என்கிறது. லாரியின் வகையில் டோக்கன் இருக்கிறதே?

அரியாங்குப்பம் அண்ணன்:

போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள். போர்ட்டும் கோடும் ஆரம்பத்தில் அழகாக இருக்கும், பிறகு உயிரை எடுக்கும். யார்டுக்குப் பின்னால் ஓர் எக்ஸிட் பிளாக், எடை மேடைக்குள் டிலேக்கு முன்னால் ஓர் என்டர் பிளாக். எக்ஸிட்டில் லாரி வெளியேறும்போது, துணை அமைப்பின் என்டரை அழைத்து டேக் என்ற கட்டளையில் அந்த லாரியைக் கொடுத்துவிடுங்கள். கோடே வேண்டாம், லாரி நேரே உள்ளே போய் இறங்கும். வங்கிக் கவுண்டருக்கான ஒரு மாதிரியை இப்படித்தான் முடித்தேன்.

கெடிலக்கரை:

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நாடி பார்ப்போம். வில்லியனூர்த் தங்கைக்கு ஒரு வேண்டுகோள். யார்டின் கொள்ளளவைப் பழையபடி 100 ஆக்கி, பிழை வரும் வரை ஓட்டுங்கள். ஓட்டத்தின்போது ஒவ்வொரு பிளாக்கின் போர்ட் அருகிலும் எத்தனை உருப்படி கடந்தது, உள்ளே எத்தனை இருக்கிறது என்ற எண்கள் தெரியும். அவற்றை அப்படியே எழுதுங்கள். பிழைச் செய்தியை இப்போதைக்கு நம்பாதீர்கள். வரிசையின் வாலில் நிற்பவர்தான் கத்துகிறார், தலையில் நிற்பவரிடம் யாரும் விசாரிக்கவில்லை.

வில்லியனூர் மாணவி:

எண்கள் இதோ. சோர்ஸிலிருந்து வெளியேறியவை 107. யார்டில் இருப்பவை 100. எடை மேடைக்குள் நுழைந்தவை 11, வெளியேறியவை 10, உள்ளே 1. இறக்குமிடத்துக்குள் நுழைந்தவை 6, வெளியேறியவை 4, உள்ளே 2. சிங்க்கில் 4.

கெடிலக்கரை:

கணக்கு கச்சிதமாக இருக்கிறது. ஒரு லாரிகூடத் தொலையவில்லை. யார்டை விட்டு வந்தவை 7, அவற்றில் 4 வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் மூன்றும் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்.

இறக்குமிடத்தின் இரண்டு இடங்களிலும் இரண்டு லாரிகள். அந்த நேரத்தில் மூன்றாவது லாரி ஒன்று எடை மேடையில் ஏறி, 3 நிமிடத்தில் எடை முடித்துவிட்டது. அது அடுத்துப் போக வேண்டிய இடம் இறக்குமிடம், அங்கே இடமில்லை. டிலே பிளாக்கில் நேரம் முடிந்தாலும், அடுத்த பிளாக் ஏற்றுக்கொள்ளும் வரை உருப்படி அதே இடத்தில்தான் நிற்கும், கொள்ளளவையும் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே லாரி மேடையிலேயே நிற்கிறது. சற்று நேரத்தில் கீழே இரண்டு லாரிகளும் கரும்பை இறக்கி முடிக்கின்றன. அவை அடுத்துப் போக வேண்டிய இடம் எடை மேடை. அங்கேதான் பார லாரி நிற்கிறதே! மேலே இருப்பது கீழே இடம் கேட்கிறது, கீழே இருப்பவை மேலே இடம் கேட்கின்றன. ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே வந்து மூக்கோடு மூக்கு முட்டிய இரண்டு பஸ்கள்தான்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் பின்விளைவு. யார்டு நிரம்பி 100 ஆகிறது. அது கியூ பிளாக்கின் இயல்பான கொள்ளளவு, நீங்கள் வைத்தது அல்ல. அடுத்து வந்த 108ஆவது லாரியால் சோர்ஸை விட்டு இறங்க முடியவில்லை. மென்பொருள் அங்கே போய்ப் புகார் சொல்கிறது. கொள்ளளவை உயர்த்தியபோது நீங்கள் புகாரைத்தான் நிறுத்தினீர்கள், முட்டலை அல்ல. 40 நிமிட இடைவெளியில் ஓடியதற்கும் இதுவே காரணம். ஒரு லாரி எடை, இறக்கம், எடை என மொத்தம் 26 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. இரண்டு லாரிகள் உள்ளே சந்திக்கவே வாய்ப்பில்லை.

இனி அரியாங்குப்பத்தாருக்கு. என்டர், எக்ஸிட் வழி தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து ஆகாது. ஓர் உருப்படி துணை அமைப்புக்குள் நுழைய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று போர்ட். கோட்டின் அந்தப் பக்கம் இடம் இருந்தால்தான் இந்தப் பக்கத்து உருப்படி நகரும். உள்ளே நெரிசல் என்றால் அந்தச் செய்தி கோடு வழியாகவே யார்டு வரை வந்து சேரும். மற்றது டேக். எக்ஸிட்டைக் கடந்த லாரி முன்னாலிருந்த ஓட்டத்தை விட்டே போய்விட்டது. என்டர் அதை வாங்கி அடுத்த பிளாக்குக்குத் தள்ளுகிறது. அடுத்தது கொள்ளளவு 1 கொண்ட டிலே என்றால், முதல் லாரி உள்ளே இருக்கும்போதே இரண்டாவது வந்தால் உடனே பிழை விழும். அதைத் தவிர்க்க என்டருக்கு அடுத்து உச்சக் கொள்ளளவுள்ள ஒரு கியூ போட வேண்டும். போட்டால் யார்டு காலியாகத் தெரியும், கூட்டம் முழுவதும் எடை மேடைக்குள் ஒளிந்திருக்கும். யார்டில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதே கேள்வியாக இருக்கும்போது அது பொய்க் கணக்கு.

அரீனா என்ற இன்னொரு பாவனை மென்பொருள் பழகியவர்களுக்கும் இது தெரிந்த கதைதான். அங்கே சப்மாடலுக்கு (துணை அமைப்புக்கு) நுழைவுப் புள்ளி, வெளியேறும் புள்ளி உண்டு. ரூட் பிளாக்கில் அனுப்பினால் சப்மாடலுக்குள் இருக்கும் ஸ்டேஷனில் நேரே போய் இறங்கலாம், நுழைவுப் புள்ளியைத் தொடவே வேண்டாம். எக்ஸ்டெண்ட்சிம் மென்பொருளிலும் இப்படிக் கோடின்றி அனுப்ப த்ரோ, கேட்ச் என்று ஒரு ஜோடி இருக்கிறது. எந்த மென்பொருளானாலும் கோடு வழியா, தாவலா என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. பல துணை அமைப்புகளில் எதற்குப் போவது என்று ஓட்டத்தின்போதுதான் தெரியும் என்றால் தாவல் வசதி. இங்கே பாதை ஒன்றுதான், போர்ட்டே போதும்.

டோக்கன் விஷயம் சின்னது. துணை அமைப்புக்குள் இருக்கும் டிலேயின் பண்புகளில் ஏஜென்ட் வகை என்ற இடத்தில் பொதுவான ஏஜென்ட் என்று இருக்கும். அதை உங்கள் லாரி வகைக்கு மாற்றுங்கள். போர்ட் வழியாக உள்ளே வந்தது உங்கள் லாரிதான், டோக்கனும் அதன் கையில்தான் இருக்கிறது. பிளாக்குக்குத்தான் வந்தவர் யாரென்று தெரியவில்லை. இதற்காக உள்ளே ஒரு புதிய சோர்ஸ் போட்டுவிடாதீர்கள். அது டோக்கனும் வந்த நேரமும் இல்லாத வேறு லாரிகளைப் பிறப்பிக்கும்.

முட்டலுக்கு மருந்து: இறக்குமிடத்துக்குள் போர்ட்டுக்கும் டிலேக்கும் நடுவில் ஒரு கியூ. மேடையிலிருந்து இறங்கும் லாரி நிற்க இடம் கிடைத்துவிடும், மேடையும் காலியாகும்.

எடைமேடை எழுத்தர் (ஓய்வு):

கணினி மாதிரி எனக்குப் பழக்கமில்லை. மகன் இந்த இழையைக் காட்டினான். ஆனால் எடை மேடையில்தான் என் வேலைக்காலம் போயிற்று, அதனால் சொல்கிறேன்.

மகளே, மேடைக்கும் இறக்குமிடத்துக்கும் நடுவில் எத்தனை வண்டி வேண்டுமானாலும் நிற்கலாம் என்று வைத்துக்கொள்ளாதே. நான் இருந்த ஆலையில் ஆறு வண்டி நின்றால் ஏழாவதுக்கு இடமில்லை. அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் யார்டிலிருந்து வண்டியை அழைப்பதே எங்கள் கையில் இருந்தது. கீழே இருந்து கை காட்டினால்தான் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவோம். கூப்பிடாமலே ஏறி வரும் ஓட்டுநர்களோடு நடந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினால் இழை தாங்காது.

காலி வண்டி வந்து நின்றால் அதற்குத்தான் முதல் எடை. வெட்டிய கரும்பு வெயிலில் கிடக்கக் கிடக்க எடையும் போகும், சர்க்கரையும் போகும், ஒரு நாளுக்குள் அரைப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. காலி வண்டி சீக்கிரம் வெளியே போனால்தான் அது அடுத்த நடைக்கு வயலுக்குத் திரும்பும். காலி எடைக்குத் தனி மேடை வைத்திருக்கும் ஆலைகளும் உண்டு, அங்கே இந்தத் தொல்லை இல்லை.

வில்லியனூர் மாணவி:

ஐயா, மிக்க நன்றி. நான் போய்ப் பார்த்த ஆலையிலும் கீழே இடம் குறைவுதான். கியூவில் 6 என்று வைத்தேன். முன்பைவிட நீண்ட நேரம் ஓடுகிறது, ஆனால் லாரிகள் நெருக்கமாக வந்த ஒரு வேளையில் மறுபடியும் அதே முட்டல்.

கெடிலக்கரை:

வரத்தான் செய்யும். ஆறும் நிரம்பி, இரண்டு லாரிகள் இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்பதாவது லாரி மேடையேறினால் பழைய கதைதான். ஐயா சொன்ன கை காட்டலைத்தான் மாதிரியில் விட்டுவிட்டோம். அதற்கென்றே எனிலாஜிக்கில் ரெஸ்ட்ரிக்டெட் ஏரியா ஸ்டார்ட், ரெஸ்ட்ரிக்டெட் ஏரியா எண்ட் என்று இரண்டு பிளாக்குகள் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் விடமாட்டா. ஸ்டார்ட்டை யார்டுக்கு அடுத்து, பார எடைக்கு முன்னால் வையுங்கள். எண்டை இறக்குமிடத்தின் வெளிப் போர்ட்டுக்கு அடுத்து. கொள்ளளவு 8, அதாவது நிற்கும் இடம் 6, இறக்கும் இடம் 2. மேடையில் இருக்கும் பார லாரியும் இந்த எட்டில் ஒன்று என்பதால், அதற்கு முன்னால் கீழே ஏழுக்கு மேல் இருக்க முடியாது. எடை முடிந்ததும் அதற்கு நிச்சயம் இடம் உண்டு.

அதோடு எடை மேடையைக் கொஞ்சம் மாற்றியமைக்கலாம். ஒரே உள் போர்ட்டில் பார லாரியும் காலி லாரியும் நுழைந்தால் யாருக்கு முன்னுரிமை என்று சொல்ல வழியில்லை. நேர அளவையும் கெடும். உள்ளே டைம் மெஷர் (நேரம் அளக்கும் பிளாக்) வைத்தால் இரண்டு வகைக் காத்திருப்பும் ஒரே சராசரியில் கலந்துவிடும். எனவே அந்தத் துணை அமைப்பை முதன்மைத் திரையில் இரண்டு முறை போடுங்கள்: பார எடை, காலி எடை. உள்ளே டிலே மட்டும் இருந்த இடத்தில் சீஸ் (மேடையைப் பிடிப்பது), டிலே, ரிலீஸ் (விடுவது). மேடையை ஒரே ஒரு ரிசோர்ஸ் பூலாக (பகிர்ந்துகொள்ளும் வளமாக) முதன்மைத் திரையில் வைத்து, இரண்டு துணை அமைப்புகளுக்கும் அளவுருவாகக் கொடுத்துவிடுங்கள். வாசல் இரண்டு, மேடை ஒன்று. காலி எடையின் சீஸில் பணி முன்னுரிமை எண்ணைப் பெரிதாக வையுங்கள், பெரிய எண்ணே முதலில் போகும். காலி லாரி எங்கே காத்திருக்கிறது என்பதும் இப்போது அந்தச் சீஸுக்குள்ளேயே தெரியும். ரெஸ்ட்ரிக்டெட் ஏரியாவின் எண்ட் அதற்கு முன்னால் வருவதால் காலி லாரி இறக்குமிடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது. செலக்ட் அவுட்புட்டும் தேவையில்லை.

அரியாங்குப்பம் அண்ணன்:

சரி, போர்ட்டை ஏற்றுக்கொள்கிறேன், வங்கிக் கவுண்டரில் லாரி திரும்பி வருவதில்லை. ஒரு சந்தேகம்: முட்டல் தீர்ந்தது என்று எதை வைத்து நம்புவது? இன்னும் நெருக்கமான நாளில் திரும்ப வராதா?

கெடிலக்கரை:

முட்டல் வர வழியில்லை என்பதை மேலே எட்டுக் கணக்கில் காட்டிவிட்டேன். ஆனால் வரிசை நீளலாம், அது வேறு. இறக்குமிடம் மணிக்கு 6 லாரியைத்தான் தாங்கும், மேடை 10 லாரியைத் தாங்கும். 12 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 5, சமாளிக்கும். மணிக்கு 6ஐத் தாண்டினால் யார்டு நாளெல்லாம் வளர்ந்துகொண்டே போகும். அது மாதிரியின் கோளாறு அல்ல, ஆலையின் நிலை.

சரிபார்க்க இன்னொரு வழி: 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி. நீண்ட கால ஓட்டத்தில், ஒரு துணை அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் உருப்படிகள், நுழையும் வீதத்தைச் சராசரித் தங்கல் நேரத்தால் பெருக்கினால் வருவதற்குச் சமம். மணிக்கு 5 லாரி, இறக்குமிடத்தில் சராசரித் தங்கல் 36 நிமிடம் என்றால், உள்ளே சராசரி 3 லாரி. உங்கள் எண்கள் இப்படிப் பொருந்தவில்லையென்றால் எங்கேயோ ஒரு வாசலை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள் அல்லது எங்கேயோ இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

வில்லியனூர் மாணவி:

மாற்றிவிட்டேன். ஒரு மாத அரவையை ஓட்டினேன், நிற்கவில்லை. லிட்டில் விதியும் பொருந்துகிறது, தசமத்தின் இரண்டாம் இடத்தில்தான் உதைக்கிறது. டோக்கன் எண் இரண்டு வாசலிலும் வருகிறது. கோப்பைப் பகிர்ந்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எடைமேடை எழுத்தர் (ஓய்வு):

டயர் வண்டியைச் சேர்த்தாயா? மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் லாரி அளவு நேரம் ஆகாது என்று நினைத்துவிடாதே, மாடு மேடையில் ஏற மறுத்தால் 3 நிமிடம் போதாது.

வில்லியனூர் மாணவி:

இன்னும் இல்லை ஐயா. லாரி வகையிலேயே வண்டி இனம் என்று ஒரு புலம் சேர்த்து, அதைப் பார்த்து டிலே நேரத்தை மாற்றப் போகிறேன். மாட்டு வண்டிக்கு எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று சொன்னால் இன்றே சேர்த்துவிடுவேன்.